தெவனின் சோதனை: ஓம் மீட்டரில் 2.64 கிலோ ஓம், ஷார்ட் கரண்டில் 1.16 கிலோ ஓம். எதை நம்புவது?

பிரெட்போர்டுவாசி

தெவனின் சமானச் சுற்றை (இரண்டு முனைகளுக்குப் பின்னால் உள்ள முழுச் சுற்றுக்கும் பதிலாக ஒரே ஒரு வோல்டேஜும் அதோடு தொடரில் ஒரே ஒரு தடையும்) செய்முறையில் சரிபார்க்க ஒரு சின்ன டிசி சுற்று போட்டிருக்கிறேன். சப்ளை 10 வோல்ட். அதன் பிளஸ்ஸிலிருந்து ஆர்1 (1 கிலோ ஓம்) நடுப்புள்ளிக்கு வருகிறது. நடுப்புள்ளியிலிருந்து மைனஸுக்கு ஆர்2 (2.2 கிலோ ஓம்). அதே நடுப்புள்ளியிலிருந்து ஆர்3 (470 ஓம்) வழியாக வெளிமுனை ஏ. மைனஸ் கம்பியே வெளிமுனை பி. மூன்றும் கால் வாட், 5 சதவீதக் கார்பன் ஃபிலிம்.

கணக்குப்படி, முனை திறந்திருக்கும்போது ஆர்3-இல் கரண்ட் ஓடாது. அதனால் தெவனின் வோல்டேஜ் 10 × 2.2 / 3.2 = 6.875 வோல்ட். தெவனின் தடை: 1 கிலோவும் 2.2 கிலோவும் பக்க இணைப்பில் 687.5, அதோடு 470 சேர்த்து 1157.5 ஓம். ஷார்ட் கரண்ட் (ஏ, பி இரண்டையும் நேரடியாக இணைத்தால் ஓடுவது) 5.94 மில்லி ஆம்பியர்.

அளந்தபோது கிடைத்தவை இவை. திறந்த முனையில் 6.88 வோல்ட். ஏ, பி இடையே மீட்டரை 20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்தால் 5.93. வகுத்தால் 1160 ஓம். கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் சப்ளையின் இரண்டு கம்பிகளையும் உருவிவிட்டு ஏ, பி இடையே ஓம் மீட்டரை வைத்தால் 2.64 கிலோ காட்டுகிறது.

செய்முறைக் கையேட்டில் ஓம் மீட்டர் முறைதான் இருக்கிறது. எனவே 5 கிலோ பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றை 2.64-க்குத் திருகி, சப்ளையை 6.88-இல் வைத்து, சமானச் சுற்றையும் போட்டேன். ஏ, பி இடையே 1 கிலோ ரெசிஸ்டரை லோடாக மாட்டினால் மூலச் சுற்றில் (முதலில் போட்டதில்) 3.18 வோல்ட், சமானச் சுற்றில் 1.87 வோல்ட். பாதிக்குக் கொஞ்சம் மேல்.

மீட்டர் மூன்றரை இலக்க டிஜிட்டல், வோல்ட் ரேஞ்சில் 10 மெகா ஓம். ஓம் மீட்டர் ஏன் தவறாகக் காட்டுகிறது? 1160-ஐ எடுத்துக்கொண்டு மேலே போகலாமா?

கம்பி எண்ணுபவன்

ஓம் மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. 2.2 கிலோவையும் 470-ஐயும் கூட்டிப் பாருங்கள், 2.67. உங்கள் ரெசிஸ்டர்களின் டாலரன்ஸுக்குள் (மேலும் கீழும் 5 சதவீத விலகல்) 2.64 என்பது அதேதான். சப்ளையின் கம்பிகளை உருவியதும் ஆர்1-இன் ஒரு கால் அந்தரத்தில் தொங்குகிறது. மீட்டர் அனுப்பும் கரண்ட் ஆர்3, ஆர்2 வழியாகத் திரும்பிவிடுகிறது. ஆர்1 கணக்கிலேயே வரவில்லை.

சப்ளையை எடுத்தால் மட்டும் போதாது, அது இருந்த இடத்தில் ஒரு கம்பித்துண்டு வர வேண்டும். வோல்டேஜ் மூலம் (சோர்ஸ்) என்றால் எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் அதன் முனை வோல்டேஜ் அசையாது. கரண்ட் மாறியும் வோல்டேஜ் மாறவில்லை என்றால் அதன் உள்தடை பூஜ்யம். பூஜ்யத் தடை என்பது கம்பி. கரண்ட் மூலமாக இருந்தால் நேர்மாறு, அந்த இடத்தைத் திறந்து விட வேண்டும். கையேடுகளில் 'மூலத்தை நீக்குக' என்று ஒரு வரியில் முடித்துவிடுவதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

செய்ய வேண்டியது: சப்ளையை அணைத்து, இரண்டு பனானா பிளக்குகளையும் சப்ளையிலிருந்து உருவுங்கள். பிறகு பிரெட்போர்டில் ஆர்1-இன் வெளிக்காலையும் ஆர்2-இன் கீழ்க்காலையும் ஒரு கம்பியால் இணையுங்கள். சப்ளை மாட்டியிருக்கும்போதே அந்தக் கம்பியைப் போட்டுவிடாதீர்கள். இப்போது ஏ, பி இடையே அளந்தால் 1.15 கிலோ பக்கத்தில் வர வேண்டும். மீட்டரை 2 கிலோ ரேஞ்சுக்குக் கொண்டுவந்தால் கடைசி இலக்கம் 1 ஓம். 20 கிலோ ரேஞ்சில் அது 10 ஓம்.

இன்னொரு பழக்கமும் உண்டு: சப்ளையை அணைத்துவிட்டு, கம்பியை உருவாமல் அப்படியே ஓம் மீட்டரை வைப்பது. அணைத்த சப்ளை கம்பி ஆகிவிடாது. அதன் வெளிமுனையில் பெரிய கெபாசிட்டர், அதற்குப் பின்னால் ரெகுலேட்டரின் டிரான்சிஸ்டர், மாதிரி எடுக்கும் ரெசிஸ்டர்கள் எல்லாம் இருக்கின்றன. கெபாசிட்டரில் அரை வோல்ட் மிச்சமிருந்தாலே ஓம் மீட்டர் உளறும். ப்ரோபைத் திருப்பி வைத்தால் வேறு எண் காட்டும், அல்லது எண் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டில் எதைக் கண்டாலும் சுற்றில் வோல்டேஜ் மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருமுனை

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் சொல்ல வருவது அந்த 1160 பற்றி. 1157.5-உடன் ஒத்துப்போகிறது என்பதற்காக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 1157.5 என்பது ரெசிஸ்டர் மீதுள்ள வண்ணப் பட்டையின் கணக்கு. உங்கள் பிரெட்போர்டில் இருப்பது பட்டை அல்ல, ரெசிஸ்டர். 5 சதவீத டாலரன்ஸில் 1157.5 என்பது 1100 முதல் 1215 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மூன்றையும் தனித்தனியாகச் சுற்றிலிருந்து எடுத்து அளந்து அந்த மதிப்புகளைப் போட்டால்தான் ஒப்பிட ஒரு கணக்கு கிடைக்கும். ஒரு காலையாவது பிரெட்போர்டிலிருந்து தூக்காமல் அளக்காதீர்கள். பக்கத்து ரெசிஸ்டரும் சேர்ந்து வந்துவிடும்.

ஓம் மீட்டர் காட்டிய 2.64-ஐ வைத்தே சொல்கிறேன்: ஆர்2, ஆர்3 இரண்டின் கூட்டுத்தொகை பட்டை மதிப்பைவிடச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அப்படியானால் உண்மையான தெவனின் தடையும் 1157-க்குக் கீழேதான் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வகுத்தபோது வந்ததோ 1160. அந்த அதிகப்படி ஓம்கள் எங்கிருந்து வந்தன?

அம்மீட்டரிலிருந்து. மீட்டர் கரண்ட் அளக்கும்போது உள்ளே ஒரு ஷன்ட் ரெசிஸ்டர் வழியாகக் கரண்டை ஓட விட்டு, அதன் மேல் விழும் வோல்டேஜைத்தான் படிக்கிறது. இந்த வகை மீட்டர்களில் ரேஞ்சின் உச்சியில் அது 200 மில்லி வோல்ட். 20 மில்லி ஆம்பியர் ரேஞ்ச் என்றால் 200 ÷ 20 = 10 ஓம். ஃபியூஸ், ப்ரோப் வயர், பிளக் தொடர்பு எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்றிரண்டு ஓம். நீங்கள் 'ஷார்ட்' என்று நினைத்தது உண்மையில் 11, 12 ஓம் லோடு. வகுத்தால் வருவது தெவனின் தடையும் அந்த 11, 12 ஓமும் சேர்ந்த தொகை. ரெசிஸ்டர்கள் ஒரு பக்கம் கீழே இழுக்க, மீட்டர் மறுபக்கம் மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து பட்டைக் கணக்கின் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது.

200 மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றினால் ஷன்ட் 1 ஓம்தான். ஆனால் மீட்டர் 5.9 அல்லது 6.0 என்று ஒரே ஒரு தசம இலக்கத்தோடு நின்றுவிடும். 5.9-க்கும் 6.0-க்கும் இடையே 20 ஓம் போய்விடும். 2 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் இந்தக் கரண்ட் அடங்காது.

உங்கள் சுற்றில் இதற்கு அழகான வழி ஒன்று இருக்கிறது. ஏ, பி இரண்டையும் சாதாரணக் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். அம்மீட்டரைத் தொடவே வேண்டாம். ஆர்3-இன் இரண்டு கால்களுக்கு இடையே வோல்ட் அளந்து, அதை ஆர்3-இன் அளந்த மதிப்பால் வகுங்கள். ஷார்ட் கரண்ட் முழுவதும் ஆர்3 வழியாகத்தான் போகிறது. ஷன்ட் ஏற்கெனவே சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே இப்படி வாகான ரெசிஸ்டர் இல்லாத சுற்றுகளில், ஷார்ட்டுக்குப் பதிலாக அளந்து வைத்த 10 ஓம் ஒன்றைப் போட்டு, அதன் மேல் வோல்ட் படித்து, கடைசியில் அந்த 10-ஐக் கழித்துக்கொள்ளலாம்.

பிரெட்போர்டுவாசி

இருவருக்கும் நன்றி. அளந்த மதிப்புகள்: ஆர்1 992 ஓம், ஆர்2 2.17 கிலோ, ஆர்3 467 ஓம். சப்ளையின் முகப்பு 10.0 என்கிறது, மீட்டரில் 10.02. இவற்றைப் போட்டால் 6.876 வோல்ட், 1148 ஓம்.

சப்ளை இடத்தில் கம்பி போட்டு ஓம் மீட்டர்: 1.148 கிலோ. ஏ, பி ஷார்ட் செய்து ஆர்3 மேல் 2.80 வோல்ட், 467-ஆல் வகுத்தால் 5.996 மில்லி ஆம்பியர், 6.88-ஐ அதனால் வகுத்தால் 1147. இப்போது மூன்றும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

பிரீசெட்டைத் தனியாக எடுத்து 1.148-க்குத் திருகி, சப்ளையை மீட்டர் பார்த்து 6.88-இல் வைத்து, சமானச் சுற்றை மறுபடி போட்டேன். லோடு ரெசிஸ்டர்களின் அளந்த மதிப்பு, மூலச் சுற்றின் வோல்ட், சமானச் சுற்றின் வோல்ட் என்ற வரிசையில்:

219 ஓம்: 1.10, 1.10
466 ஓம்: 1.99, 1.99
985 ஓம்: 3.18, 3.18
2.19 கிலோ: 4.51, 4.52
4.66 கிலோ: 5.52, 5.52
9.87 கிலோ: 6.16, 6.16

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். ஒன்று, அதிகபட்சப் பவர் கிடைக்கும் லோடை வைத்துத் தெவனின் தடையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். வரைபடத்தில் உச்சி எங்கே என்றே தெரியவில்லை, மேசை மாதிரி தட்டையாக இருக்கிறது.

இரண்டு, அடுத்த சோதனை இரண்டு சப்ளைகளோடு. 12 வோல்ட் சப்ளை 470 ஓம் வழியாகவும், 5 வோல்ட் சப்ளை 1 கிலோ வழியாகவும் ஒரே முனைக்கு வருகின்றன, அதுதான் ஏ. மைனஸ் பொது. திறந்த முனையில் கணக்கு 9.76 வோல்ட். மீட்டரில் 10.80. ரெசிஸ்டர்களை அளந்தாயிற்று, அதில் ஒரு வோல்ட் பிழை வர வழியில்லை. ஷார்ட் கரண்ட் மட்டும் கணக்குப்படி 30.5 பக்கத்தில் சரியாக வருகிறது.

இருமுனை

முதல் சந்தேகத்துக்கு: உச்சி தட்டையாகத்தான் இருக்கும், அது உங்கள் அளவீட்டின் பிழை அல்ல. உங்கள் எண்களையே போட்டால் உச்சப் பவர் 10.30 மில்லி வாட். 985 ஓமில் 10.24. 1.5 கிலோவில் 10.12. அதாவது லோடு 985-இலிருந்து 1500 வரை ஒன்றரை மடங்கு மாறியும் பவர் 2 சதவீதம்கூட இறங்கவில்லை. வோல்டேஜைச் சதுரமாக்குவதால் அதிலுள்ள சதவீதப் பிழையும் இரட்டிப்பாகிறது. இப்படிப்பட்ட மேட்டின் உச்சியைத் தேடி 1148-ஐக் கண்டுபிடிக்க முடியாது. பவர் எங்கே உச்சம் என்பதைக் காட்ட அந்தச் சோதனை நல்லது. தடையை அளக்க உதவாது.

தடையை அளக்கப் பாதி வோல்டேஜ் முறை எவ்வளவோ மேல். ஏ, பி இடையே பிரீசெட்டை மாட்டி, வோல்டேஜ் 6.88-இன் பாதியான 3.44-க்கு வரும்வரை திருகுங்கள். பிறகு பிரீசெட்டைக் கழற்றி அளங்கள். அந்த இடத்தில் லோடு ஒரு ஓம் மாறினால் வோல்டேஜ் சுமார் 1.5 மில்லி வோல்ட் மாறும். உங்கள் மீட்டரின் கடைசி இலக்கம் 10 மில்லி வோல்ட். ஆக 7 ஓம் அகலத்துக்குள் தடையைப் பிடித்துவிடலாம். 5 கிலோ பிரீசெட்டில் அவ்வளவு நுணுக்கமாகத் திருக முடியாது. 1 கிலோ நிலையான ரெசிஸ்டர் ஒன்றோடு 500 ஓம் பிரீசெட்டைத் தொடரில் வைத்துக்கொள்ளுங்கள், விரலுக்கு வசப்படும்.

திறந்த முனையும் வேண்டாம், ஷார்ட்டும் வேண்டாம் என்றால் இரண்டு லோடுகளே போதும்: வோல்டேஜ் வித்தியாசத்தைக் கரண்ட் வித்தியாசத்தால் வகுக்க வேண்டியதுதான். உங்கள் பட்டியலில் 9.87 கிலோவில் 6.16 வோல்ட், அதாவது 0.624 மில்லி ஆம்பியர். 466 ஓமில் 1.99 வோல்ட், 4.270 மில்லி ஆம்பியர். வித்தியாசம் 4.17 வோல்ட், 3.646 மில்லி ஆம்பியர். வகுத்தால் 1144. அந்த 1.99-ஐ 20 வோல்ட் ரேஞ்சில் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2 வோல்ட் ரேஞ்சுக்கு இறக்கினால் 1.986 என்று காட்ட வேண்டும். அதைப் போட்டால் 1147. ரேஞ்ச் குமிழை ஒரு படி திருப்பியதில் 3 ஓம். பேட்டரியின் உள்தடையையும் இப்படித்தான் அளக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியை ஷார்ட் செய்து கரண்ட் அளக்க யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மில்லிவோல்ட் மாடசாமி

பட்டியல் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ரெசிஸ்டர் லோடுகள் மட்டும் வைத்துப் பார்த்ததில் ஒரு குறை உண்டு. லோடு எப்படிப்பட்டதாக இருந்தாலும் இரண்டு சுற்றும் ஒன்றுபோல நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் தெவனின் சொன்னதன் சாரம். உள்ளே இருப்பவைதான் நேர்கோட்டுப் பொருள்களாக இருக்க வேண்டும். வெளியே மாட்டுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு சிவப்பு எல்இடியை ஏ, பி இடையே மாட்டுங்கள். அதன் மேல் 1.9 வோல்ட் பக்கத்தில் விழும்; கரண்ட் (6.88 − 1.9) ÷ 1148, சுமார் 4.3 மில்லி ஆம்பியர். இரண்டு சுற்றிலும் அதே எல்இடியை மாற்றி மாற்றி மாட்டுங்கள், ஆளுக்கொன்று வைக்காதீர்கள். ஒரே பாக்கெட்டில் வந்த எல்இடிகளே ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். இரண்டிலும் எல்இடி வோல்டேஜ் ஒன்றாக இருந்தால் ஆறு ரெசிஸ்டர் லோடுகளைவிட அது வலுவான சான்று.

அதே எல்இடியை ஆர்2 இருந்த இடத்தில் உள்ளே வைத்தால் கதை வேறு. இரண்டு லோடுகளை வைத்து வரும் தடை, எந்த இரண்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஒரு குறிப்பிட்ட கரண்டைச் சுற்றியுள்ள சின்ன எல்லைக்கு மட்டும் சமானச் சுற்று எழுதலாம், முழு எல்லைக்கும் முடியாது.

ரெசிஸ்டர் மதிப்புகளை 470 ஓமிலிருந்து 4.7 கிலோ வரையான வட்டத்துக்குள் வைத்திருப்பது நல்ல தேர்வு. எல்லாவற்றையும் ஆயிரம் மடங்கு பெருக்கி 1 மெகா, 2.2 மெகா, 470 கிலோ என்று போட்டால் கணக்கில் வோல்டேஜ் மாறாது, அதே 6.875. உங்கள் 10 மெகா மீட்டர் 6.16 காட்டும். 1 மெகா உள்தடை கொண்ட மலிவு மீட்டர் 3.19 காட்டும். சில லேப்களில் இன்னும் இருக்கும் ஊசி மீட்டர் வோல்ட்டுக்கு 2 கிலோ ஓம் வகையாக இருந்தால், 10 வோல்ட் ரேஞ்சில் அதன் தடை 20 கிலோதான். உங்கள் இப்போதைய சுற்றிலேயே அது 6.88-க்குப் பதில் 6.5 காட்டும். மாணவர் அதை எழுதிவைத்து 5 சதவீதப் பிழைக்கு ரெசிஸ்டரைத் திட்டுவார். கீழ்ப்பக்கம் போய்ப் பத்து, இருபது ஓம்களில் சுற்று போட்டால் பிரெட்போர்டுத் தொடர்பும் ப்ரோப் வயரும் சேர்ந்து அரை ஓம், ஒரு ஓம் என்று கணக்கைக் கெடுக்கும், ரெசிஸ்டரும் சூடாகும்.

கரண்ட் லிமிட் உள்ள சப்ளையில் அந்தக் குமிழைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சுற்று ஷார்ட் நேரத்தில் சப்ளையிலிருந்து இழுப்பது 7.3 மில்லி ஆம்பியருக்குள்தான். ஆனால் குமிழ் இடக்கோடியில் இருந்தால் அதையும் தராது. சிசி விளக்கு (கரண்ட் லிமிட்டைத் தொட்டுவிட்டது என்று காட்டுவது) எரியும், வோல்டேஜ் படுத்துவிடும். திறந்த முனை சரியாக வந்து ஷார்ட் கரண்ட் மட்டும் குறைந்தால் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியில் செய்பவர்களுக்கும் இதே தொல்லை வேறு உருவில் வரும்: பழைய பேட்டரியின் உள்தடை பல பத்து ஓம்களுக்குப் போகும், அது ஆர்1-உடன் தொடரில் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு லோடிலும் பேட்டரி முனையில் வோல்ட் எழுதிவைத்தால் அது தெரிந்துவிடும்.

வைவாவில் கேட்க வாய்ப்புள்ள ஒன்று: இரண்டு சுற்றும் ஒன்றுதானே, அப்படியானால் சப்ளையிலிருந்து எடுக்கும் பவரும் ஒன்றுதானா? இல்லை. முனை திறந்திருக்கும்போது உங்கள் மூலச் சுற்று 3.17 மில்லி ஆம்பியர் இழுத்து 32 மில்லி வாட்டைச் சூடாக்குகிறது. தெவனின் சுற்று ஒன்றுமே இழுக்காது. நார்ட்டன் வடிவத்தில் (ஒரு கரண்ட் மூலமும் அதற்குக் குறுக்கே அதே தடையும்) போட்டால் 6 மில்லி ஆம்பியரும் உள்ளே சுற்றி 41 மில்லி வாட் வீணாகும். ஏ, பி முனைகளுக்கு வெளியே இருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்று. உள்ளே மூன்றும் வேறு வேறு. இன்னொரு துணுக்கு, தேர்வுக்குப் பயன்படாது: 1883-இல் பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் தெவனின் வெளியிட்டதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-இலேயே எழுதிவிட்டார். பெயர் என்னவோ பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது.

கம்பி எண்ணுபவன்

இரண்டு சப்ளை விஷயத்துக்கு வருகிறேன். 5 வோல்ட் சப்ளையின் முனையிலேயே மீட்டரை வையுங்கள். ஏ முனையில் 10.80 என்றால் 470 வழியாக வருவது (12 − 10.80) ÷ 470 = 2.55 மில்லி ஆம்பியர். முனை திறந்திருப்பதால் அது அப்படியே 1 கிலோ வழியாக 5 வோல்ட் சப்ளைக்குள் போகிறது. 1 கிலோவில் 2.55 வோல்ட் விழுந்தால் சப்ளையின் முனை 8.25-இல் இருக்க வேண்டும். முகப்பில் நீங்கள் 5 வைத்திருந்தாலும் மீட்டரில் 8 சொச்சம்தான் காட்டும்.

காரணம், சாதாரண ரெகுலேட்டட் சப்ளை கரண்டைத் தரும், வாங்கிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் பிளஸ் பக்கத்திலிருந்து வெளிமுனைக்குத் தள்ளத்தான் தெரிந்தது. வெளியிலிருந்து யாராவது தள்ளினால் அது முழுக்க மூடிக்கொள்ளும், அதற்குமேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வோல்டேஜ் ஏறுகிறது. முனைக்குக் குறுக்கே உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்கள் எவ்வளவு இழுக்கின்றனவோ அங்கே போய் நிற்கிறது. காகிதத்தில் வரைந்த 5 வோல்ட் மூலம் இரு திசையிலும் கரண்டைக் கையாளும். உங்கள் கணக்குப்படி அது 4.76 மில்லி ஆம்பியரை விழுங்க வேண்டும்.

ஷார்ட்டில் சரியாக வந்ததற்கும் இதே காரணம்தான். ஏ முனை பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் 5 வோல்ட் சப்ளை கரண்டைத் தரும் நிலைக்கு மாறிவிடுகிறது: 12 ÷ 470 = 25.5, 5 ÷ 1000 = 5, கூட்டினால் 30.5. இடைப்பட்ட லோடுகளையும் எடுத்து வோல்டேஜ், கரண்ட் வரைபடம் போட்டுப் பாருங்கள். ஏ முனை 5 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்வரை, அதாவது லோடு சுமார் 336 ஓமுக்குக் குறைவாக இருக்கும்வரை, புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டை நீட்டினால் 9.76-ஐத் தொடும். 5 வோல்ட்டைத் தாண்டிப் போகும்போது ஓரிடத்தில் கோடு முறிந்து முன்பைவிடச் சரிவாகும். அந்த முறிவைத் தெவனினின் தோல்வி என்று சில அறிக்கைகளில் எழுதிவிடுகிறார்கள். முறிந்தது சப்ளைதான்.

சரிசெய்ய, 5 வோல்ட் சப்ளையின் முனைகளுக்குக் குறுக்கே 680 ஓம் ஒன்றை மாட்டிவிடுங்கள். அது 7.35 மில்லி ஆம்பியர் இழுக்கும். வெளியிலிருந்து வரும் 4.76 போக மிச்சம் 2.6-ஐச் சப்ளை தர வேண்டியிருக்கும், எனவே ரெகுலேஷன் விட்டுப்போகாது. 680-இல் 37 மில்லி வாட்தான், கால் வாட் தாராளம். அது 5 வோல்ட் மூலத்துக்குக் குறுக்கே இருப்பதால் தெவனின் கணக்கில் வராது. ஆனால் ஓம் மீட்டர் முறைக்கு இரண்டு சப்ளைகளின் இடத்திலும் கம்பி போடும்போது 680-ஐ விட்டுவைத்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான், கம்பி அதை மூடிவிடும். 470-உம் 1 கிலோவும் பக்க இணைப்பில் 320 ஓம் காட்ட வேண்டும்.

இந்தச் சுற்றின் ஷார்ட் சோதனையில் 470 ஓம் ரெசிஸ்டர்மேல் முழு 12 வோல்ட்டும் விழுகிறது: 144 ÷ 470, 306 மில்லி வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதற்கு ஆகாது. சூடேறி மதிப்பு நகரும், அடுத்த அளவீடும் கெடும். அரை வாட் அல்லது 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அம்மீட்டரில் 200 மில்லி ஆம்பியர் ரேஞ்ச், 30.5 மில்லி ஆம்பியர் 20 ரேஞ்சில் அடங்காது. அதன் 1 ஓம் ஷன்டோடு ப்ரோப் வயரும் ஃபியூஸும் சேர்ந்து 2 ஓம் என்று வைத்தால், 320-இல் அது முக்கால் சதவீதத்துக்குள். அதையும் தவிர்க்க வேண்டுமென்றால் ஷார்ட் கம்பி போட்டு 470 மேலும் 1 கிலோ மேலும் தனித்தனியாக வோல்ட் படித்து, அந்தந்த ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்து, இரண்டு கரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.